மாவு மில் வாசலில் கேட்ட சந்தேகங்கள்: களி, கீரை, கஷாயம், மாத்திரை

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் எங்கள் குடும்பம் மாவு மில் நடத்துகிறது. நான் படித்தது ஊட்டச்சத்தியல். ராகி அரைக்க வருகிறவர்கள் மாவு சூடு ஆறும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் சர்க்கரை, ரத்தசோகை, மூட்டுவலி என்று பேச்சு வந்துவிடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்களை எங்களுக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடமும், அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவில் இருக்கும் ஒருவரிடமும் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

"ராகி ராகின்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுல அப்படி என்னங்க இருக்கு?"

முக்கியமாகச் சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். பாலில்கூட 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் அளவே. நார்ச்சத்தும் அரிசியை விட மூன்று மடங்குக்கு மேல்.

ஆனால் "நல்லா நைஸா அரைச்சு, சலிச்சுக் கொடுங்க" என்று கேட்டு வாங்கினால் தவிட்டோடு இந்தச் சத்தில் ஒரு பங்கு போய்விடும். கொஞ்சம் குருணையாக, சலிக்காமல் அரையுங்கள். முந்தின நாள் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சுகிற நம் பாட்டிமார் பழக்கமும் நல்லது. தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்புச் சத்தையும் கால்சியத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்து வைத்திருக்கும். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்க வைப்பது மூன்றுமே அந்தப் பிடியைத் தளர்த்தும்.

"எங்க வீட்டுக்காரருக்கு சுகர். மூணு வேளையும் களியே கொடுத்தா இறங்கிடும்தானேக்கா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே இல்லை. களி நல்லதுதான். ஆனால் அது சர்க்கரையை இறக்கும் மருந்து இல்லை. 100 கிராம் கேழ்வரகு மாவில் 70 கிராம் அளவு மாவுச்சத்து இருக்கிறது. அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும், வயிறு நேரத்தோடு நிறையும். அது உண்மையான லாபம். அதற்காக இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டால் அந்த லாபம் அங்கேயே போய்விடும்.

வீட்டில் செய்து பார்க்கச் சுலபமான வழி ஒன்று சொல்கிறேன். உருண்டையைப் பாதியாக்குங்கள். காலியான இடத்தில் கீரைக் கடைசலோ, அவரைக்கொட்டைச் சாறோ, கொள்ளுக் கடைசலோ தாராளமாக வையுங்கள். களிக்குத் தொட்டுக்கொள்ளக் குழம்பு என்றில்லாமல், குழம்புக்குத் தொட்டுக்கொள்ளக் களி என்று மாறட்டும். ராகிக் கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சி, வெல்லம் போட்டுக் குடிப்பதைச் சர்க்கரைக்காரர்கள் விட்டுவிட வேண்டும். நைஸ் மாவுக் கஞ்சி களியை விட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரைதான். நிறம் மாறியதால் குணம் மாறாது.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நாள் களிக்கும், இன்னொரு நாள் சாமைச் சோற்றுக்கும் சர்க்கரை பார்த்து எழுதி வையுங்கள். உங்கள் உடம்புக்கு எது ஒத்துப்போகிறது என்பதை அந்த இரண்டு எண்களே காட்டிவிடும்.

"மாங்காய் சீசன்ல நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு மாம்பழம் சாப்பிடாம எப்படிங்க இருக்கிறது?"

கிருஷ்ணகிரியில் பிறந்தவரிடம் மாம்பழமே தொடாதே என்று சொல்ல எனக்கும் மனசு வராது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறவர்கள் இரண்டு மூன்று துண்டு, அதாவது 100 கிராம் அளவு சாப்பிடலாம். அதில் 15 கிராம் அளவு மாவுச்சத்து இருக்கும். அன்று சோற்றிலோ களியிலோ ஒரு பிடியைக் குறைத்துவிடுங்கள். செந்தூராவாக இருந்தாலும் பெங்களூராவாக இருந்தாலும் துண்டாகக் கடித்துச் சாப்பிடுங்கள். பாட்டில் மாம்பழச் சாறு வேண்டவே வேண்டாம், அதில் தனியாகச் சர்க்கரை சேர்த்திருப்பார்கள்.

"ஆவாரம்பூ கஷாயமும் வெந்தயமும் எடுத்துக்கிறேன். மாத்திரையை நிறுத்திடலாமா?"

கூடாது. இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. என் மாமியார் சந்தையில் யாரோ விற்ற பொடியை நம்பி, எங்களிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். அரிசி டப்பாவுக்கு அடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகளாகக் கிடந்ததை நான்தான் பார்த்தேன். அதற்குள் செருப்புக் கடித்த சின்னப் புண் ஆறாமல் கறுத்துவிட்டது. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை அவர் வாய் ஓயாமல் சொல்வார். இப்போது சொல்வதில்லை.

வெந்தயம், பாகற்காய் இரண்டுக்கும் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும் தன்மை உண்டு. அதனால்தான் கவனமும் வேண்டும். மாத்திரையும் போட்டு, இவற்றையும் அதிகமாக எடுத்து, சாப்பாட்டையும் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரலாம். என்ன எடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையில் அளவு நன்றாகக் குறைந்திருந்தால் அவரே மாத்திரையைக் குறைப்பார். சிறு வயதிலேயே இன்சுலின் போடுகிறவர்கள் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

மாத்திரை வாங்கப் போக முடியவில்லை என்பதும் இப்போது பெரிய சிக்கல் இல்லை. வீடு தேடி சர்க்கரை, பிரஷர் மாத்திரை தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊருக்கு வரும் செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

"பொண்ணுக்கு ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க. பீட்ரூட், பேரீச்சம்பழம் கொடுத்தா போதுமா?"

பீட்ரூட்டின் நிறத்தைப் பார்த்து ரத்தம் ஊறும் என்று நினைக்கிறோம். அதில் இரும்புச் சத்து குறைவு. பேரீச்சம்பழமும் சுமார்தான். நம் தோட்டத்து முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கொள்ளு, எள், கேழ்வரகு, கம்பு இவை அதை விட மேல். அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்). அந்த இரும்பைத்தான் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே எதோடு சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். கீரையோடு புளிப்பான ஒன்று சேரட்டும். எலுமிச்சை பிழியலாம், தக்காளி போட்டுக் கடையலாம், அரை நெல்லிக்காய் கடிக்கலாம். வைட்டமின் சி இருந்தால் தானியம், கீரையில் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். அவ்வைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த தகடூர் நம் தர்மபுரிதான். அப்படிப்பட்ட ஊரில் சாப்பிட்டு முடித்த கையோடு நெல்லிக்காய்க்குப் பதில் டீ குடிக்கிறோம். டீ அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அப்புறம் மாத்திரை. 12 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் பெண்களுக்கு ரத்தசோகை என்று கணக்கு, கர்ப்பிணிகளுக்கு 11. அரசு தரும் இரும்புச் சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. 100 கிராம் கேழ்வரகில் 4 மில்லிகிராம் அளவு. அளவு ரொம்பக் குறைந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கால்சியம் மாத்திரையும் இதுவும் ஒரே வேளையில் வேண்டாம். மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் கீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் ஊற்ற, மறுபக்கம் ஒழுகும்.

"காலையில வெளிய போறதே கஷ்டமா இருக்கு, என்ன சாப்பிடலாம்?"

மலச்சிக்கலுக்குச் சலிக்காத மாவு, கீரை, கொய்யா, போதுமான தண்ணீர், கொஞ்சம் நடை. ராத்திரி ஊறவைத்த உலர் திராட்சையும் பலருக்கு உதவும். நார்ச்சத்தைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் இன்னும் இறுகும். ரத்தம் போனாலோ, 50 வயதுக்கு மேல் இந்தப் பிரச்சினை புதிதாகத் தொடங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

"நெஞ்செரிச்சல், வாயு. சீரகத் தண்ணி, பூண்டு எல்லாம் குடிச்சுப் பார்த்துட்டேன்."

முதலில் நேரத்தை மாற்றுங்கள். ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் எந்தச் சீரகமும் உதவாது. படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் டீ வேண்டாம். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் வயிற்றைப் புண்ணாக்கும். மோர், பழைய சோற்று நீராகாரம் பலருக்கு இதமாக இருக்கிறது. குடித்து எரிச்சல் கூடினால் விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சை அழுத்துகிற வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, சில்லென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது. இதை "வாயு பிடிச்சிருக்கு" என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்து உட்கார வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வாயுவாகவே இருந்துவிட்டால் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம்.

"குழந்தைக்கு வயித்தால போகுது. தண்ணி கொடுத்தா இன்னும் போகுமே?"

தண்ணீரை நிறுத்துவதுதான் ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் நல்லது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அங்கே கொடுக்கும் துத்தநாக மாத்திரையை வயிறு சரியான பிறகும் 14 நாள் முழுக்கக் கொடுங்கள்.

கண் உள்ளே போவது, அழுதால் கண்ணீர் வராதது, மூத்திரம் போகாதது, மலத்தில் ரத்தம், குழந்தை துவண்டு படுப்பது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மாந்தம், தொக்கம் என்று வேறு இடத்துக்கு அலைந்து நேரத்தை விடாதீர்கள்.

"இருமலுக்குத் தேன்ல துளசி குழைச்சு நாக்குல தடவலாமா?"

ஒரு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. ராத்திரி இருமலுக்குத் தேன் நிஜமாகவே உதவும். ஒரு வயதுக்குக் கீழே துளி தேன்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும். பெரியவர்களுக்குச் சுக்கு மிளகு கஷாயம், தூதுவளை ரசம் தொண்டைக்கு இதம். இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லையென்றால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

"பிரஷருக்கு முருங்கைக்கீரை சூப் குடிக்கிறேன், குறையவே மாட்டேங்குது."

சூப்பில் எவ்வளவு உப்பு போடுகிறீர்கள்? ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், தலை தட்டின ஒரு டீஸ்பூன்தான் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். எங்கள் வீட்டில் களிக்கு உப்புப் போடுவதை நிறுத்தினோம். பத்து நாளில் நாக்கு பழகிவிட்டது. கல் உப்பு, இந்துப்பு என்று மாற்றுவதால் பிரஷர் இறங்காது, அவையும் சோடியம்தான்.

"சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டு சாறு. அப்புறம் ராகியில சுண்ணாம்பு இருக்கே, கல் வளராதா?"

கல்லுக்கு முதல் மருந்து தண்ணீர். ஒரு நாளில் இரண்டு, இரண்டரை லிட்டர் மூத்திரம் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். நம் வெயிலில் மாந்தோப்பிலும் தக்காளிக் காட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு அதற்கு மூன்று நான்கு லிட்டராவது தேவைப்படும். வாழைத்தண்டு சாறு குடிப்பதால் அந்தத் தண்ணீரும் உள்ளே போகிறது, நல்லதுதான். எலுமிச்சைச் சாறு கல் சேர்வதைத் தடுக்க உதவும், உப்பைக் கூட்டாமல் குடியுங்கள். 5 மில்லிமீட்டருக்குச் சின்னக் கற்கள் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். பெரிய கல்லைச் சாறு கரைக்காது. வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

சாப்பாட்டில் வரும் கால்சியத்தால் கல் வளராது. அது கல்லுக்குக் காரணமான ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். கால்சியத்தைக் குறைத்தால்தான் கல் கூடும். ஆக்சலேட் கல் என்று சொல்லியிருந்தால் பாலக்கீரை, பீட்ரூட், நிலக்கடலை இவற்றைக் குறையுங்கள்.

"மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்து, மூக்குல மருந்து விட்டா போயிடும்னாங்க..."

நமக்கு வரும் காமாலையில் பெரும்பாலானவை அசுத்தத் தண்ணீரால் வரும் வைரஸ் வகை. ஓய்வெடுத்தால் சில வாரங்களில் தானே இறங்கும். கீழாநெல்லி குடித்தவரும் தேறுகிறார், குடிக்காதவரும் தேறுகிறார். அதனால் அதற்குப் பெயர் வந்துவிட்டது. மோரில் கலந்து கொஞ்சம் குடிப்பவரை நான் தடுப்பதில்லை. மூக்கிலும் கண்ணிலும் சொட்டு விடுவது, சூடு போடுவது இரண்டையும் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன்.

எந்த வகைக் காமாலை என்று ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். மஞ்சள் காமாலை பி, பித்தக்குழாய் அடைப்பு, குடியால் வந்த ஈரல் நோய் இவை எல்லாமே கண்ணை மஞ்சளாக்கும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, ஈ வகை வைரஸ் அவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. மனக்குழப்பம், பகலெல்லாம் தூக்கம், ரத்தக் கசிவு இருந்தாலும் அப்படியே. உப்பில்லாப் பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். இட்லி, கஞ்சி, மோர்ச்சோறு, பழம் எல்லாம் சாப்பிடலாம்.

"முட்டி, இடுப்பு, கழுத்து எல்லாம் வலி. முடக்கத்தான் தோசை சாப்பிட்டும் போகலை."

வெளியூர்க்காரர் கேட்டால் எடையைக் குறைக்கச் சொல்வேன். நம் ஊர்க்காரர் கேட்டால் முதலில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். எங்கள் மில்லுக்கு வரும் ஒரு பெரியவர் யாராவது கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார், முழு உடம்போடு திரும்பிப் பார்ப்பார். பல்லில் பழுப்புக் கோடுகள். நாற்பது வருடம் ஒரே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வயதான வலி என்றே நினைத்திருந்தார். அது நிலத்தடித் தண்ணீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு என்ற தாதுப்பொருள் செய்த வேலை.

எதுவென்று தெரியாமல் சந்தையில், பேருந்து நிலையத்தில் விற்கும் பெயரில்லாப் பொடியை வாங்காதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, முகம் உப்பிவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சித்த மருந்து வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள்.

"அப்போ தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிச்சா அந்த ஃபுளோரைடு போயிடுமா?"

போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும். கொதிக்க வைப்பது கிருமிக்கு மட்டும்தான். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் கொடுத்து ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான். அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வையுங்கள். போர்த் தண்ணீர் துவைக்கவும் மாட்டுத் தொட்டிக்கும் போகட்டும் என்று நினைப்போம், மாட்டையும் அது பாதிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். சோறும் குழம்பும் போர்த் தண்ணீரில் வைத்துவிட்டுக் குடிக்க மட்டும் காவிரி என்றால் பாதிதான் பலன்.

சாப்பாட்டில் கால்சியமும் வைட்டமின் சியும் குறைந்த பிள்ளைகளை ஃபுளோரைடு கடுமையாகத் தாக்கும். முதல் கேள்வியில் சொன்ன களியும், ரத்தசோகைக்குச் சொன்ன நெல்லியும் இங்கேயும் உதவும். கட்டன் டீயிலும் கறுப்பு உப்பிலும் ஃபுளோரைடு அதிகம், குறையுங்கள். நம் புளிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பள்ளிப் பையன்களுக்குத் தினம் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியது. பல்லில் ஏறிய கறையும் இறுகிய எலும்பும் இதனால் திரும்பாது. வளரும் பிள்ளைகளுக்குத் தண்ணீரை மாற்றினால் இனி வராமல் தடுக்கலாம்.

"தைராய்டு இருந்தா ராகி, கம்பு தொடவே கூடாதாமே?"

கம்பையே மூன்று வேளையும் சாப்பிட்டு, அயோடின் உப்பும் இல்லாத இடங்களில்தான் அது பெரிய பிரச்சினை. அயோடின் உப்புப் போட்டு, வாரத்தில் நாலைந்து நாள் களி சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். மாத்திரையை விடியற்காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, கூழோ டீயோ ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி.

"அப்பாவுக்கு கிட்னி கிரியேட்டினின் கூடியிருக்கு. நீங்க சொன்ன கீரை, கொள்ளு, அதோட இளநீர் எல்லாம் கொடுக்கலாம்தானே?"

கிரியேட்டினின் கூடினால் சிறுநீரகம் கழிவைச் சரியாக வெளியேற்றவில்லை என்று அர்த்தம். இங்கேதான் மேலே சொன்ன பலவற்றை நானே மாற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீர், வாழைத்தண்டு சாறு, கீரைச் சாறு, பழச்சாறு எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம்தான் சேர்த்திருக்கிறார்கள். கல்லுக்குச் சொன்ன மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் கணக்கும் இவருக்குப் பொருந்தாது, கால் வீங்கும், மூச்சு முட்டும். பருப்பின் அளவைக்கூட ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அவருடைய கடைசிப் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாகக் கொடுங்கள்.